ஆயுத பூசைக்குப் பிடுங்கிய சென்சர்

எங்கள் தோட்டத்துப் பொலித்தீன் கூடாரத்துச் சுப்பவைசரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தையாவது எழுத வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். சட்டையை மடிப்புக் கலையாமல் போடுவார். அவ்வளவுதான் கிடைத்தது. மீதியை நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். கோயிலுக்குப் போகிறவன் பிறத்தியாரை இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்கட்டும்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கிற மாடியில் வேலை செய்கிறவன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. திருநீறு பூசாமல் வாசலைத் தாண்டியதில்லை. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் லயத்து ஒற்றைக் காம்பரா வீட்டுக்குள் கறி மீன் வந்ததில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஐயர் வராத நாட்களில் விளக்குப் போட்டுக் கற்பூரம் காட்டுவதும் நான்தான். என்னைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. இது என் சம்சாரத்துக்கு நடந்த விஷயம்.

தேயிலை சரியாக வராத மலை ஒன்றைக் கொழும்பு முதலாளி ஒருவர் குத்தகைக்கு எடுத்து, செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வரிசையாக வெள்ளைப் பொலித்தீன் கூடாரம் அடித்தார். உள்ளே குடைமிளகாய். கொழுந்து எடுக்கிற பெண்களில் சிலரை அந்த வேலைக்குக் கேட்டார்கள். என் சம்சாரம் ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தாள். அட்டைக்கடி இல்லை, தலையில் கூடைக்கயிறு இல்லை, மழையில் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு சரிவில் நிற்க வேண்டியதில்லை. "கூரைக்குக் கீழ வேலைங்க, ஆபீசு உத்தியோகம் மாதிரி" என்று சிரிப்பாள். செடிக்கு நூல் கட்டி மேலே ஏற்றுவது, பக்கக் கிளை கிள்ளுவது, ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விடுவது. இதுதான் அவளுடைய வேலை. அவள் கைப்பட வளர்ந்த செடியில் காய் தொங்குவதை ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். பிள்ளையைப் பள்ளிக்கூட மேடையில் பார்க்கிறவள் மாதிரி நின்றாள்.

போன வருடம் அவள் கையிலிருந்த ஹோஸை வாங்கி வைத்துவிட்டார்கள். கொழும்பிலிருந்து இரண்டு பொடியன்கள் வந்து கூடாரத்துக்குக் கூடாரம் கருவி பதித்தார்கள். சென்சர் என்றார்கள். உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதற்குக் கீழே கத்தி அலகு போல இரண்டு கால். அந்தக் காலை வேர்ப்பக்கம் மண்ணில் குத்தி வைக்க வேண்டும். மண்ணில் ஈரம் எவ்வளவு என்று அது பார்த்து, கம்பி கிம்பி எதுவும் இல்லாமல் காற்றிலேயே தண்ணீர்த் தொட்டியடியில் இருக்கிற பெரிய பெட்டிக்குச் சொல்லும். காய்ந்துவிட்டது என்று சொன்னால் பெரிய பெட்டி மோட்டாரைப் போடும். சொட்டுக் குழாயில் தண்ணீர் வரும். ஈரமாகிவிட்டது என்று சொன்னால் நிறுத்தும். நடக்கிறதெல்லாம் கம்பனி கொடுத்த போனிலும் தெரியும். அந்தப் போன் சுப்பவைசர் கையில்.

கருவியைப் பற்றிப் படித்துக்கொள்ள அவரை நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்கு அனுப்பினார்கள். போய் வந்து, காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிறுத்தி வைத்து அவர் சொன்னது முழுக்க அந்த ஹோட்டல் சாப்பாட்டைப் பற்றி. கோழியை எப்படிப் பொரித்திருந்தார்கள், ஐஸ்கிரீம் எத்தனை நிறத்தில் இருந்தது, கையைத் துடைக்கச் சுடு துண்டு கொடுத்தார்கள் என்று. என் சம்சாரம், "அந்தக் கருவியப் பத்தி என்னாங்கய்யா சொன்னாங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"அது டெக்னோலஜிம்மா. ஒனக்குச் சொன்னா வெளங்காது. நீ நூலக் கட்டு."

அவருக்கும் விளங்கவில்லை என்பது அப்போது யாருக்கும் தெரியாது. கூடார வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு போனைத் தடவுவார். "இப்பப் பாரு, தண்ணி வரும்" என்பார். தானாக வருகிற நேரத்துக்கு அது வரும். வருண பகவான் தன் சட்டைப்பையில்தான் குடியிருக்கிறார் என்பதுபோல் பெண்களைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். முதலாளி வருகிற நாளில் மட்டும் எழுந்து நிற்பார்.

இப்படி இருக்கும்போது சரஸ்வதி பூசை வந்தது. எங்கள் ஆட்களுக்கு ஆயுத பூசை என்றால் சும்மா இல்லை. தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற ரோதையெல்லாம் கழுவித் துடைத்து மாலை போடுவோம். கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, தராசு, கொழுந்துக்கூடை எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சாமி படத்துக்கு முன்னால் வந்துவிடும். வைத்த ஆயுதத்தை மறுநாள் பூசை முடிகிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. நமக்குச் சோறு போடுகிற சாமானுக்கு ஒரு நாள் ஓய்வு. எனக்கு மனசுக்கு மிகவும் பிடித்த விசேஷம் இது. இதைப் போய் ஒரு மனிதன் படம் பிடித்துக் கொழும்புக்கு அனுப்புகிற காரியமாக ஆக்கினான் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

கூடாரத்துக்கென்று தனியாகப் பூசை வைக்க வேண்டும் என்று சுப்பவைசர் கிளம்பினார். பக்தி ஒன்றுமில்லை. சாமி கும்பிட வருகிற நாட்களில்கூட அவர் கண் யார் யார் தன்னைப் பார்க்கிறார்கள் என்றுதான் அலையும். புதுக் கருவிக்குப் பூசை செய்கிறோம் என்று முதலாளிக்கு ஒரு படம் போக வேண்டும். அவ்வளவுதான். பூசையன்று பகல், மற்றப் பெண்கள் வெளியே வாளியும் தட்டும் தேய்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளே என் சம்சாரத்திடம் வந்திருக்கிறார். அங்கே நடந்த பேச்சை அவள் எனக்கு எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். ஒரு முறையும் ஒரு சொல் மாறினதில்லை.

"இந்தாம்மா, அந்தச் சென்சரையெல்லாம் புடுங்கிக் கழுவிக் கொண்டாந்து ஸ்டோர்ல வையி."

"எல்லாத்தையுமாங்கய்யா? பெரிய மிசினுக்கெல்லாம் நின்ன எடத்துலயே பொட்டு வச்சிடுவாங்களே. இதுக்கும் அப்புடியே வச்சிட்டா என்னா?"

"மண்ணுக்குள்ள பொதஞ்சு கெடக்குறதுக்குப் பொட்டு வச்சா யாரு கண்ணுக்குத் தெரியும்? படத்துல விழ வேணாமா? ஆயுதம்னா எல்லாம் ஆயுதந்தான். புடுங்கு."

அவளுக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. மண்வெட்டியைக் கழுவி வைப்பதுபோல் இதையும் கழுவி வைக்கச் சொல்கிறார் என்று நினைத்தாள். எனக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். அவள் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண் போகக் கழுவி, தன் முந்தானையாலேயே ஈரம் போகத் துடைத்து, வாழையிலையில் வரிசையாக அடுக்கினாள். சந்தனம் வைத்தாள். குழந்தைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி நிதானமாக வைத்தாள் என்று கூட இருந்த பெண்கள் பிறகு சொன்னார்கள்.

சாயங்காலம் கற்பூரம் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். பொரி, அவல், கடலை எல்லாம் இருந்தது. நடுவில் சரஸ்வதி படம். படத்துக்கு முன்னால் மண்வெட்டி, கத்தரிக்கோல், இந்த வெள்ளைக் கருவிகள். கருவிகளுக்கும் முன்னால், எல்லோர் கண்ணும் முதலில் படுகிற இடத்தில், கம்பனிப் போன். அதற்கு மட்டும் தனி மாலை. அதைச் சுப்பவைசரே தன் கையால் போட்டாராம்.

நான் மணியை ஆட்டிக் கற்பூரத்தைச் சுற்றுகிறேன். அந்த நேரம் பார்த்துப் போன் மாலைக்குள்ளே 'உர்ர்' என்று உறுமியது. கொஞ்சம் விட்டு மறுபடியும் உறுமியது. இலையில் கிடந்த பொரியெல்லாம் துள்ளியது.

சுப்பவைசர் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா! அம்மா ஏத்துக்கிட்டா. உத்தரவு குடுக்குறா!"

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் எதற்கும் இருக்கட்டும் என்று போட்டுக்கொண்டேன். இத்தனை வருடம் கற்பூரம் காட்டுகிறேன். அம்மன் எனக்கு ஒரு நாளும் இப்படி உறுமிக் காட்டினதில்லை. அவருக்குக் காட்டுகிறாளே என்று உள்ளுக்குள் சின்னதாக ஒரு பொறாமைகூட வந்தது. அது என்ன உத்தரவு என்று பிறகுதான் தெரிந்தது. கூடாரத்தில் மோட்டார் நிற்காமல் ஓடுகிறது, போய்ப் பார் என்று அந்தப் போன் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. கையில் எடுத்துப் பார்த்திருந்தால் அந்த நிமிடத்திலேயே நிறுத்தியிருக்கலாம். கும்பிட்டார்.

பூசை முடிந்து ஸ்டோரைப் பூட்டும்போது ஒரு பெண், "போன எடுத்துக்கலீங்களாய்யா?" என்று கேட்டாள்.

"இன்னைக்கு அதுக்கும் ஓய்வு குடுக்கணும்மா. சாமி காரியம்" என்று சொன்னார். அவருடைய சொந்தப் போன் சட்டைப்பையில்தான் இருந்தது. அதற்கு ஓய்வு கிடையாது. அதில்தான் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பியிருந்தார். முதலாளி என்ன பதில் போடுகிறார் என்று அதையே பார்த்துக்கொண்டு படியிறங்கினார்.

மறுநாள் காலை மறுபூசை முடித்து, சாமான்களை எடுத்துக்கொண்டு கூடாரத்தைத் திறந்தார்கள். கணுக்காலுக்குத் தண்ணீர். வரப்பு எது, பாதை எது என்று தெரியவில்லை. மோட்டார் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. பூசையன்று சாயங்காலம் தொடங்கி விடிய விடிய ஓடியிருக்கிறது.

கொழும்புப் பொடியன் ஒருவன் பிறகு வந்து பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டு எங்களுக்குச் சொன்னான். மண்ணிலிருந்து பிடுங்கித் துடைத்து உலர்ந்த இலைமேல் வைத்தால், காய்ந்து போய்க் கிடக்கிறேன் என்றுதானே அது சொல்லும்? பெரிய பெட்டியும் தண்ணீர் விட்டது. எவ்வளவு விட்டாலும் வாழையிலையில் கிடக்கிற கருவி நனையப் போவதில்லை. அதனால் நிறுத்தச் சொல்ல ஆளில்லை. கருவிமேல் எனக்குக் கோபமில்லை. அது உள்ளதைச் சொன்னது. பக்கத்தில் ஒரு மனிதர் நின்றார், அவர்தான் உள்ளதைச் சொல்லவில்லை.

இரண்டு மூன்று நாளில் செடிகள் தண்ணீரில் நின்றுகொண்டே வாடின. இலை தொங்கிப்போய், தண்டின் அடி கறுத்து, தொட்டால் கையோடு வந்தது. முதலாளி போனில் போட்ட சத்தம் வெளியே நின்ற பெண்களுக்குக் கேட்டது. முதலாளியின் மனேஜர் வந்தார். ஜீன்ஸ் போட்ட சின்ன வயதுச் சிங்களவர். ஆனாலும் எங்களுக்கு அவர் தொரைதான். யார் பிடுங்கினது என்று கேட்டார்.

என் சம்சாரம், "நான்தாங்க தொரை" என்றாள்.

யார் சொல்லிப் பிடுங்கினாய் என்று கேட்டார். அவள் சுப்பவைசரைப் பார்த்தாள். சுப்பவைசர் அவள் வாயைத் திறக்கவிடவில்லை.

"நான் வரும்போதே எல்லாத்தையும் புடுங்கிச் சாமிகிட்ட வச்சிருந்தாங்க தொரை. வச்சதை எடுத்தா சாமிக் குத்தம்னு அழுவாங்க. படிக்காத ஜனம். சாமின்னா புத்தி வேலை செய்யாது. நான் என்னா செய்ய?"

சாமி என்றால் புத்தி வேலை செய்யாதாம். பூசையன்று போன் உறுமினதற்கு அம்மன் உத்தரவு என்று கத்தின வாய் அது.

அன்றோடு அவளை நிறுத்திவிட்டார்கள். கூடாரத்தில் இனி வேலையில்லை. கொழுந்து மலைக்குத் திரும்பலாம் என்றால் அவள் பெயரைத்தான் அங்கே வெட்டிக் கூடாரத்துக்கு எழுதியிருந்தார்களே. வேலை போனதைக்கூட அவள் தாங்கியிருப்பாள். லயங்களுக்குப் பொதுவான பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் போனால், மற்ற லயத்துப் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டு, "வா மகராசி, நீ வந்தா பீலியும் ரொம்பி வழியும்" என்றார்களாம். அவள் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். சாமிக்குச் செய்கிறேன் என்று ஒரு தோட்டத்தையே அழித்தவள் என்று அவளுக்கு ஒரு பெயர் விழுந்துவிட்டது. தன் வாழ்நாளில் அடுத்த வீட்டுக் கறிவேப்பிலையைக்கூடக் கேட்காமல் கிள்ளாதவள்.

நான் வழக்கம்போல, "சாமி பாத்துக்கும் புள்ள" என்று சொன்னேன்.

"சாமி பாக்கட்டுங்க. அதுக்குள்ள நான் என் வாயால கேட்டுடுறேன்" என்று சொல்லிவிட்டு, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு தோட்டத் தலைவர் வீட்டுக்குப் போனாள். தலைவர் தொழிற்சங்கத்துக்காரர், கோயில் காரியத்துக்கும் அவர்தான் முன்னால் நிற்பார். அவரிடம் அவள் கேட்டது ஒன்றுதான். "வெள்ளிக்கிழமை கோயில்ல கற்பூரம் அடிக்கிறேன். புடுங்கச் சொன்னது அவருதான்னு நான் அடிக்கிறேன். சொல்லலேன்னு அவரு அடிக்கட்டும். அவரு அடிச்சிட்டா நான் வேல கேக்க மாட்டேன்."

கற்பூரம் அடிப்பது என்றால் எங்கள் தோட்டத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அம்மனுக்கு முன்னால் தட்டில் கற்பூரத்தை ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் அந்த நெருப்பை அடித்து அணைக்க வேண்டும். பொய் சொல்லி அடித்தவன் குடும்பம் விளங்காது என்பது நம்பிக்கை. கை சுடுகிறதற்கு யாரும் பயப்படுவதில்லை. பயமெல்லாம் அந்தச் சொல்லுக்குத்தான்.

ஊர் முழுக்க விஷயம் பரவிவிட்டதால் சுப்பவைசர் வரமாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. வெள்ளிக்கிழமை வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, நடுவில் பெரிய பொட்டு, புது வேட்டி. நேராகக் கோயிலுக்குள் வந்து அம்மனுக்கு நேரே நின்றுகொண்டார். நான்தான் தட்டு எடுத்து வந்தேன். கற்பூரத்தைப் பற்ற வைத்தேன்.

என் சம்சாரம் முன்னால் வந்தாள். "இவரு புடுங்கச் சொல்லித்தான் நான் புடுங்குனேன், தாயே" என்று சொல்லிப் பட்டென்று அடித்தாள். கற்பூரம் அணைந்தது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

நான் புதுக் கற்பூரம் வைத்தேன். தலைவர், "வாங்க சுப்பவைசரு, நீங்களும் சொல்லி அடிச்சிட்டா நாங்க வீட்டுக்குப் போறோம்" என்றார். அவர் கையை நீட்டினார். தட்டுக்கு மேலே கொண்டுவந்தார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அப்படியே திரும்பி அவர் நெற்றியைச் சொறிந்தது.

"சொல்ல மறந்துட்டேன் தலைவரே. எனக்குத் தீட்டு."

"என்னா?"

"தீட்டு. உடப்புசல்லாவையில எங்க பெரியப்பா மகன் தவறிட்டாரு. காலையிலதான் போன் வந்துச்சு. நான் கோயிலுக்குள்ளயே வரக்கூடாது. பதட்டத்துல வந்துட்டேன்."

சொல்லிக்கொண்டே பின்னுக்கு நடந்து வாசற்படிக்கு வெளியே போய் நின்றார். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து தொடங்கியது.

"சாவு வீட்டுக்காரரு நெத்தியில என்னத்துக்குய்யா இம்புட்டுத் துன்னூறு?"

"புது வேட்டி வேற. எழவுக்கு எடுத்ததா, கோயிலுக்கு எடுத்ததா?"

"போன்லயா வந்துச்சு சேதி? அம்மா உத்தரவு குடுத்த போன்லயா, மத்ததுலயா?"

"செத்தவருக்குப் பேரு என்னாங்கய்யா? நாங்களும் ஒரு கும்பிடு போட்டுக்குறோம்."

அவருக்குப் பெயர் வரவில்லை. "எங்க பெரியப்பா மகன்" என்று மறுபடியும் சொன்னார். தலைவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். சிரிப்பை அடக்கினாரா, வேறு ஏதாவது சொல்ல வந்து அடக்கினாரா தெரியாது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொய் சொல்கிற மனிதர்களை நான் பார்க்காதவனில்லை. ஒரு சின்ன நெருப்புக்குப் பயந்து, சொந்தப் பெரியப்பா மகனைக் கொன்று போட்டு, அந்தப் பிணத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதிலும் ஒன்று. சாமியே இல்லை என்று நினைக்கிறவனாக இருந்தால் பொய்யைச் சொல்லிக் கற்பூரத்தை அடித்துவிட்டுப் போயிருப்பான். அப்படிப்பட்டவனிடம் ஒரு துணிச்சலாவது இருக்கிறது. இவருக்கு அதுவும் இல்லை. அம்மனுக்குப் பயப்படுகிறார், ஆனால் உண்மையைச் சொல்கிற அளவுக்குப் பயப்படவில்லை. தனக்கு வேண்டிய அளவுக்கு அளந்து வைத்திருக்கிற பயம்.

சொன்ன பொய்க்கு அவர் செலவும் செய்ய வேண்டியிருந்தது. மறுநாள் சாவு வீட்டுக்குப் போவதாகக் கையில் துக்கத்துக்குக் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். நுவரெலியா பஸ் ஸ்டாண்டில் பகல் முழுக்கப் பூந்தோட்ட மதிலில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்ததை மரக்கறி லொறியில் போன எங்கள் லயத்து ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். பட்டியைக் கழற்றிப் பைக்குள் வைத்திருந்தாராம்.

திங்கட்கிழமை புது நாற்று வந்தது. அழிந்த செடிகளைப் பிடுங்கிப் பாத்தி திருத்தி வைத்திருந்தார்கள். லொறியில் தட்டுத் தட்டாக நாற்று, வெயில் ஏறுவதற்குள் நட்டாக வேண்டும். நான் தொழிற்சாலையில் இரவு முறை வேலை முடிந்து அந்த வழியாகத்தான் வந்தேன். கூடார வாசலில் பெண்கள் எல்லோரும் சாக்கை விரித்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போகவில்லை.

"ஏ, எந்திரிங்க! நாத்து வாடுதுல்ல!" என்று சுப்பவைசர் கத்தினார்.

"வாடட்டும். போன்ல பாருங்க, தண்ணி வரும்" என்றாள் ஒருத்தி.

"என்னாதான்டி வேணும் ஒங்களுக்கு?"

"அக்காவக் கூப்புடுங்க. அக்கா வந்தா நாங்க வர்றோம். கற்பூரத்த அடிச்சவ வெளிய நிக்கிறா, அடிக்காத ஆளு நாக்காலியில இருக்கீங்க. நல்லா இருக்கா இது?"

மனேஜர் வந்து சேர்ந்தார். கற்பூரம், தீட்டு எல்லாம் அவருக்கு என்ன தெரியும். அவருக்குத் தெரிந்தது லொறியில் வாடுகிற நாற்று மட்டும். என்ன பிரச்சினை என்று கேட்டார். பெண்கள் சொன்னார்கள். கோயிலில் நடந்ததையும் தலைவர் முதல் நாளே அவர் காதில் போட்டிருந்தார். என் சம்சாரத்தை அழைத்து வரச் சொன்னார். அவள் பீலியடியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். மனேஜர் சுப்பவைசரைப் பார்த்து, நீ சொன்னாயா இல்லையா என்று கேட்டார்.

சுப்பவைசர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். பிறகு அவர் மனேஜர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, சிங்களத்தில், வாய்க்குள்ளேயே சொன்னார்: "மம தமய் கிவ்வே, சேர்."

நான்தான் சொன்னேன் என்று. அங்கே இருந்த பெண்களுக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ. பிறந்ததிலிருந்து கடைத்தெருவிலும் ஆஸ்பத்திரியிலும் சிங்களம் பேசுகிறவர்கள். மனேஜர், சரி சரி என்கிற மாதிரி "ஹரி, ஹரி" என்று கையை வீசி, எல்லோரும் உள்ளே போங்கள் என்றார். அவருக்கு அத்தோடு முடிந்துவிட்டது. பெண்கள் எழுந்து சேலையைத் தட்டினார்கள். என் சம்சாரம் மட்டும் நகரவில்லை.

"தெமளென் கியன்ன" என்றாள் சுப்பவைசரிடம். தமிழில் சொல்லுங்கள் என்று.

"அதான் சொல்லிட்டேனே..."

"தொரைகிட்ட சொன்னீங்க. இவங்க கிட்ட சொல்லுங்க."

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான்தான் புடுங்கச் சொன்னேன்." கேட்கவில்லை என்று பின்னாலிருந்து ஒருத்தி சத்தம் போட்டாள். மறுபடியும் சொன்னார். என் சம்சாரம் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு லொறியிலிருந்து ஒரு தட்டு நாற்றை இறக்கித் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள். அன்று சாயங்காலம் பீலியடியில் அவளுக்கு முதல் குடம் பிடிக்க இடம் விட்டார்கள்.

அவர் இன்னும் சுப்பவைசர்தான். நாற்காலியும் போனும் அவரிடம்தான் இருக்கின்றன. முதலாளிக்கு இதெல்லாம் போய்ச் சேர்ந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. போன மாதம் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு பஸ்ஸில் வந்தேன். எனக்கு இரண்டு சீட் முன்னால் அவர். என்னைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஆளிடம் சொல்லிக்கொண்டு வருகிறார்: "ஒரு பொம்பள, சாமிப் பைத்தியத்துல பயிர் முழுக்க நாசமாக்கிட்டா. தொரை அவள வெரட்டுறதுக்குத்தான் நின்னாரு. நான்தான், பாவம், பொழச்சுப் போகட்டும்னு மன்னிச்சுத் திரும்ப எடுத்தேன்."

வீட்டுக்கு வந்து அதை அவளிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள் சிரிக்கத் தொடங்கினாள். மாவுக் கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"மன்னிச்சாராமா! ஐயோ, மன்னிச்சாராமா!"

எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை. கல்லில் கிடந்த ரொட்டி கருகுகிறது என்று சொன்னேன். அவள் அதைத் திருப்பிப் போட்டுவிட்டு மறுபடியும் சிரித்தாள்.